ஒரு நாளைக்கு ஒரு டேங்க் தண்ணீர் எங்கே போனது?

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மோட்டார் போட எழுந்தேன். சுவிட்சில் கை வைத்தபோதுதான் உறைத்தது, இன்றைக்கு இது மூன்றாவது தடவை. வட சென்னையில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு, மாமனார் 1988இல் கட்டியது. கீழே நானும் அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் பையனும். மாடியில் ஒரு குடித்தனம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகள். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். காலையில் ஒரு தடவை நிரப்பினால் அநேகமாக மறுநாள் காலை வரை தாங்கும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் இறங்குவார். ஆகவே தண்ணீர், கரண்டு, பிளம்பர், குடித்தனக்காரர் எல்லாம் என் தலையில்தான். அந்த ராத்திரி நான் செய்திருக்க வேண்டியது ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது. அதைச் செய்ய எனக்கு இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் கைவிட்டுப் போன பணத்தைவிட, நான் பேசிய பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது.

முதல் சந்தேகம் மாடி வீட்டின் மேல்தான் போனது. அவர்கள் ஜனவரியில்தான் வாஷிங் மெஷின் வாங்கியிருந்தார்கள். "தண்ணி கொஞ்சம் பாத்து செலவு பண்ணும்மா" என்று முதலில் நயமாகத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணும் சரி அக்கா என்றாள். மார்ச் பிறந்ததும் சம்பு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, காலியாக ஆரம்பித்தது. தெருக் குழாயில் மெட்ரோ தண்ணீர் வந்த மறுநாளே அடித்தரை தெரியும். லாரிக்குச் சொன்னேன், ஆறாயிரம் லிட்டர் 1,300 ரூபாய். ஒன்று, இரண்டு என்று மார்ச், ஏப்ரலில் மட்டும் ஏழு லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தபோது, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்ற தெரு எங்கள் தெரு. அந்தப் பயம் உடம்பில் இருக்கிறது. லாரிக்காரர் ஹோஸ் பைப்பை விட்டுத் தண்ணீர் இறக்கிவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் ஏறும். ஒரு நாள் மாடிப்படியில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "என் புருஷன் கடல்ல கஷ்டப்பட்டு அனுப்புற காசு உங்க துணி துவைக்கவா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "அக்கா, வாரத்துக்கு ரெண்டு நாளுதான் மெஷின் போடுறோம், வேணும்னா நீங்களே மேல வந்து பாருங்க" என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. மார்ச் கடைசியில் அவர்கள் காலி செய்துகொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது லாரித் தண்ணீருக்கென்று 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மீதியை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி. மாடி பூட்டிக் கிடக்கிறது. கீழே மூன்றே பேர். காலையில் டேங்க் நிரப்பியிருந்தேன். சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவும்போது குழாய் இருமியது, காற்று வந்தது, நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாடியில் ஆளே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும்? அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அப்போதாவது நிதானமாக யோசித்திருக்கலாம். பதற்றத்தில், தெரிந்தவர்கள் சொன்ன ஒரு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் வீட்டைச் சுற்றி வந்தார், மாடிக் குளியலறையின் வெளிச்சுவரில் ஒரு கறை இருந்ததைப் பார்த்தார், "இங்கதான் லீக்" என்றார். உடைத்தார்கள். மூன்றடி உயரத்துக்கு டைல்ஸைப் பெயர்த்தார்கள். உள்ளே பைப் காய்ந்து கிடந்தது. அந்தக் கறை மழைத் தண்ணீர் இறங்கிய பழைய கறை. உடைக்க, குப்பை அள்ள, திரும்பப் பூச, டைல்ஸ் ஒட்ட என்று 8,500 ரூபாய். என் அனுபவத்தில் சொல்கிறேன், அளந்து பார்க்காமல் சுத்தியலை எடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். "எந்த லைன்ல ஒழுகுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். வால்வை மூடிப் பார்ப்பேன், ராத்திரி அளந்து பார்ப்பேன் என்கிற மாதிரி ஏதாவது பதில் வரவேண்டும். கறையைக் காட்டிப் பேசினால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கறை ஓரிடம், கசிவு ஓரிடம் என்பது தண்ணீருக்குச் சகஜம்.

ஏப்ரல் நடுவில் இன்னொரு அடி. ராத்திரி மோட்டாரைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். சம்பில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிட்டது. ரீவைண்டிங் 2,800. கருகின வாசனைக்கு எழுந்து, இருட்டில் சம்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மோட்டாரைத் தூக்கிப் போன பெரியவர்தான் எனக்குக் கண் திறந்தவர். பழைய வண்ணாரப்பேட்டையில் கடை, எழுபது வயதிருக்கும். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோ பாரு கண்ணு, தண்ணி காணாமப் போவாது. சம்புல போவுதா, டேங்குல போவுதா, பைப்புல போவுதா, மூணுல ஒண்ணு. ஒவ்வொண்ணா மூடு. ராத்திரியில அள. அப்புறம் ஆளக் கூப்பிடு."

அன்றைக்கே ஆரம்பித்தேன். முதலில் சம்பு. தெருவிலிருந்து வரும் வால்வை மூடி, மோட்டார் பக்கம் போகாமல், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நீளக் கம்பை நட்டுக்குத்தாக இறக்கி, ஈரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். காலை ஐந்து மணிக்கு மறுபடி. கோடு அசையவில்லை. எங்கள் சம்பு எட்டடிக்கு ஆறடி. அதில் ஒரு அங்குலம் இறங்கினாலே 113 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உங்கள் சம்புக்கு இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டு மூடியின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் பக்கத்துக்கு மிகவும் முக்கியமானது. சம்பு மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதோடு, ஏறுகிறதா என்றும் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். சம்புச் சுவரில் விரிசல் இருந்தால், வெளியே போவதற்குப் பதில் வெளித்தண்ணீர் உள்ளே வரும். பக்கத்திலேயே பாதாளச் சாக்கடை போனால் அதுவும் சேர்ந்து வரும். நான் அளந்த கதையைக் கேட்டு எதிர் வீட்டு அக்கா அவர்கள் சம்பில் கோடு போட்டுப் பார்த்தார். தெருவில் தண்ணீரே விடாத ராத்திரியில் ஒரு அங்குலம் ஏறியிருந்தது. அவர் பேத்திக்கு இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. உடனே சம்பை இறைத்துச் சுத்தம் செய்து, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தார்கள். "தண்ணி குறையவே மாட்டேங்குது, நல்ல சம்பு" என்று யாராவது சந்தோஷப்பட்டால் தயவுசெய்து கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த ராத்திரி டேங்க். நிரப்பி, எல்லாக் குழாயையும் இறுக்கி மூடி, அம்மாவுக்கும் பையனுக்கும் தனியாக இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிட்டு, பையனின் மர ஸ்கேலை ஒரு குச்சியில் கட்டி அளந்தேன். காலையில் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது, 28 சென்டிமீட்டர். எங்கள் டேங்கில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 9 லிட்டர். யாரும் ஒரு சொட்டுகூடத் தொடாத ராத்திரியில் 250 லிட்டர். விடிகாலை இருட்டில் மொட்டை மாடியில் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, மாடிப்படியில் அழுத அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது.

டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில்தான் ஓட்டை என்று தெரிந்துவிட்டது. எந்த இடத்தில்? ஒவ்வொரு வால்வாக மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி காத்திருந்து ஸ்கேல் வைக்க என்னால் முடியவில்லை. பெரியவர், "ஒரு மீட்டர் வாங்கி மாட்டிடு, நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார். பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் தண்ணீர் மீட்டர் வாங்கினேன். அவர் தம்பி முறை ஆகிற பிளம்பர் ஒருவர் வந்து, டேங்கிலிருந்து பைப் இறங்கும் இடத்தில் மாட்டிக் கொடுத்தார். மீட்டர், யூனியன், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 2,600. இத்தனை செலவில் நான் மனமுவந்து கொடுத்தது இது ஒன்றுதான். மீட்டரின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையைப் பார்த்து அது இருக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்துச் சமமாக உட்கார வேண்டும். சாய்த்து மாட்டினால் சின்ன ஓட்டத்தைச் சரியாகக் காட்டாது.

முதல் ராத்திரி நான் மீட்டரையே திட்டினேன். பதினோரு மணிக்குப் பார்த்து எழுதினது 00003. காலை ஐந்துக்கும் 00003. மீட்டர் ஓடவில்லை, கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பையில் போட்டுக் கிளம்பாத குறை. பையன்தான் செல்போனில் எடுத்திருந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "அம்மா, கறுப்பு நம்பரை மட்டும் பாக்குற. சிவப்பைப் பாரு." கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டர் கணக்கு, ஒரு கனமீட்டர். அதன் வலப்பக்கம் சிவப்பில் இருக்கும் மூன்று எண்கள்தான் லிட்டர். ராத்திரி 412, காலையில் 664. கழித்தால் 252 லிட்டர். ஸ்கேல் சொன்னதும் அதுவேதான். ஆறு மணி நேரத்துக்கு 252 என்றால் மணிக்கு 42, நாளைக்கு 1,008. ஒரு நாளைக்கு ஒரு டேங்க், முழுசாக.

சில மீட்டரில் சிவப்பு எண்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்டங்களும் சிவப்பு முள்ளும் இருக்கும். 0.1 என்று போட்ட வட்டத்தில் முள் ஒரு எண் நகர்ந்தால் 100 லிட்டர், 0.01 வட்டத்தில் 10 லிட்டர், 0.001 வட்டத்தில் 1 லிட்டர். பெரம்பூரில் என் தங்கை இருக்கும் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் மீட்டர். அங்கே ஒருவர் வட்டங்களையும் சேர்த்துப் படித்து, மாதம் லட்சக்கணக்கான லிட்டர் என்று கணக்குக் கொடுத்து, கூட்டத்தில் பெரிய சண்டையே ஆகியிருக்கிறது. கறுப்பு எண்ணைத் தனியாக, மற்றதைத் தனியாக எழுதுங்கள். எண்களுக்கு நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம் இருக்கும், அதுதான் கசிவைப் பிடிக்கும் கண். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அது சுற்றினால் எங்கோ தண்ணீர் போகிறது. ஒன்று மட்டும் கவனம், மீட்டர் தெருக் குழாய் வரும் பக்கம் இருந்தால், தண்ணீர் வருவதற்கு முன்னால் பைப்பில் இருக்கும் காற்று தள்ளியும் அந்தச் சக்கரம் சுற்றும். காற்று அடங்கி, தண்ணீர் நிறைந்த பிறகு பாருங்கள். அதே மாதிரி, ரொம்ப மெல்லிய சொட்டு மீட்டரில் ஏறவே ஏறாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் ஸ்கேலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் அரை நாளில் முடிந்தது. பையன் மொட்டை மாடியில் மீட்டர் பக்கம் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்க்க, நான் ஒவ்வொன்றாக மூடினேன். மாடி வீட்டுக்குப் போகும் வால்வை மூடினேன். "சுத்துதும்மா." அந்த ஒரு வார்த்தையில் மாடி வீட்டின் மேல் நான் சுமத்திய எல்லாம் பொய் என்று ஆகிவிட்டது. கழிவறை ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக் வால்வை மூடினேன். "சுத்துது." அதற்கு முந்தின நாளே அந்த ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் குங்குமத்தைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விட்டுப் பார்த்திருந்தேன். கிண்ணத்தில் சிவப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். எங்களுக்கு இறங்கவில்லை. சத்தமே இல்லாமல் அதிகமாகத் தண்ணீர் போகிற இடம் பல வீடுகளில் இதுதான், ஆகவே செலவில்லாத இந்தச் சோதனையை எல்லாருக்கும் முதலில் சொல்வேன். கடைசியாக, குளியலறை மூலையில் சமையலறைக்குப் பிரியும் லைனை பிளம்பர் வெட்டி மூடி போட்டார். மேலேயிருந்து பையன் கத்தினான், "நின்னுடுச்சு!"

குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது எங்கள் ஹால். தரைக்கு அடியில் மாமனார் காலத்து ஜி.ஐ. பைப், துத்தநாகம் பூசிய இரும்பு. மூடியைக் கழற்றித் திரும்பத் தண்ணீரை விட்டு, தெரு அடங்கின பிறகு, பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் காதை வைத்து, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு சதுரம் ஒரு சதுரமாக நகர்ந்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்து மூலையில் கேட்டது. பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்தின் ஓரத்தில் வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு 'ஸ்ஸ்'. அந்த மூலை என் அம்மா பாய் விரிக்கும் மூலை. பிப்ரவரியிலிருந்து மத்தியானம் அங்கேதான் படுப்பார். "இந்த எடத்துல மட்டும் சில்லுனு இருக்குடி" என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறார். அலமாரிக் காலடியில் எறும்பு சாரை விட்டுப் போனதையும், சுவரின் அடியில் உப்புப் பூத்ததையும் நானே பார்த்துத் துடைத்திருக்கிறேன். தரை ஈரமாகவில்லையே, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் கடல் மணல் பூமி. எவ்வளவு ஊற்றினாலும் கீழே குடித்துக்கொண்டே போகும், மேலே தலை காட்டாது. களிமண் தரையாக இருந்தால் ஒரு வாரத்தில் பொங்கியிருக்கும் என்றார் பிளம்பர்.

பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை, பழைய லைனை அப்படியே செத்ததாக விட்டுவிட்டு, சுவரோரமாகப் புதிதாக சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் ஓட்டிவிடலாம் என்றார். அதைத்தான் செய்தோம், வால்வுகளோடு 11,500. இனிமேல் எங்கள் வீட்டில் ஒரு பைப்பும் தரைக்குள் போகாது, பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வால்வு வைக்கச் சொன்னேன். பூசுவதற்கு முன்னால் கைப் பம்பும் கேஜும் மாட்டி அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று நின்று பார்த்தேன். ஆனாலும் அந்த மூலையில் ஒரு சதுரத்தை மட்டும் உடைக்கச் சொன்னேன். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மொசைக்குக் கீழே மணல் ஐஸ் மாதிரி இருந்தது. பைப் திரும்பும் இடத்தில், துரு பிடித்துப் பட்டை பட்டையாக உரிந்த எல்போவின் அடிப்பக்கம் எள் அளவுக்கு ஒரு துளை. தண்ணீரைத் திறந்ததும் தையல் நூல் மாதிரி நேராக மணலுக்குள் இறங்கியது. மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நூல்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லாரி 9,100, வீணாக உடைத்தது 8,500, மோட்டார் 2,800, மாடி இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது 18,000, மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதில் இரண்டு பில்லுக்கும் சேர்த்துச் சுமார் 800. ஆக 39,200 ரூபாய் நஷ்டம். மீட்டருக்கும் புது லைனுக்கும் 14,100. பிப்ரவரியிலேயே அளந்திருந்தால் இந்தப் பதினாலாயிரத்தோடு முடிந்திருக்கும். இப்போது மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கும் முன் ஒரு எண், திங்கள் காலை எழுந்ததும் ஒரு எண், இரண்டையும் பையன் எழுதுகிறான். மோட்டார் எத்தனை தடவை போட்டோம் என்பதற்கு நாள்தோறும் ஒரு கோடு. மீட்டர் வாங்க வசதி இல்லாதவர்கள் அந்தக் கோட்டை மட்டுமாவது போடுங்கள். ஒரு கோடு இரண்டாகிற நாளிலேயே தெரிந்துவிடும்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை 3,000 ரூபாயை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். விலாசம் பால்காரரிடம் கேட்டு வாங்கியது. கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். செல்போனில் இருந்த மீட்டர் படத்தைக் காட்டி, 412, 664 என்று ஆரம்பித்து, பைப்பில் இருந்த துளை வரைக்கும் சொன்னேன். தெருவுக்குக் கேட்கும்படி திட்டினதை, அவள் வாசலில் நின்றுகொண்டு தப்பு என்று சொன்னேன். கவரை வாங்க மாட்டேன் என்றாள், கையில் திணித்தேன். இரண்டு பேருமே பேச முடியாமல் நின்றோம். பிறகு அவள் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல குடிங்கக்கா."